சாலை யாருடையது, குழி யாருடையது? சுங்கச்சாவடி குறித்த வாசகர் கேள்வி - பதில்

நெடுஞ்சாலைகளை நடத்துவது, பராமரிப்பது, கட்டணம் வசூலிப்பது ஆகியவற்றைத் தனியாருக்குக் கொடுப்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும்.

தேசிய நெடுஞ்சாலையைத் தனியாருக்கு விற்றுவிட்டதாகச் சொல்கிறார்கள். உண்மையா? எங்கள் ஊர்ச் சாவடியில் அடிக்கடி ஆட்களும் சீருடையும் மாறுகின்றனவே, ஏன்?
- வாசகர், விருதுநகர்

விற்கவில்லை. நிலமும் சாலையும் அரசுடையவை. கைமாறுவது கட்டணம் வசூலிக்கும் உரிமையும் பராமரிக்கும் கடமையும்தான். அதற்கும் ஒரு கெடு உண்டு. ஆனால் எல்லாச் சாவடிகளும் ஒரே வகை ஒப்பந்தத்தில் ஓடவில்லை. உங்கள் புகாருக்கு யார் பொறுப்பு என்பது அந்த வகையைப் பொறுத்தது.

பி.ஓ.டி. எனப்படும் முறையில் நிறுவனமே கடன் வாங்கிச் சாலை போட்டு, வசூலித்து, கெடு முடிந்ததும் ஒப்படைக்கும். வாகனம் குறைந்தால் நட்டம் அதற்கு. டி.ஓ.டி. முறையில் அரசுப் பணத்தில் ஏற்கெனவே போட்டு முடித்த சாலையை, மொத்தத் தொகையை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு 15 முதல் 30 ஆண்டுகளுக்குக் கொடுப்பார்கள். 2016இல் வந்த ஹைபிரிட் ஆனுவிட்டி முறையில் கட்டுமானச் செலவில் 40 சதவீதத்தை வேலை நடக்கும்போதே அரசு தரும். மீதியை 15 ஆண்டுகளில் ஆறு மாதத் தவணைகளாக வட்டியோடு தரும். அங்கே சுங்கக் கட்டணம் முழுவதும் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துக்கு (இனி 'ஆணையம்'). நிறுவனத்துக்கு வாகன எண்ணிக்கையைப் பற்றிக் கவலையில்லை. இவை போக, அரசே கட்டி அரசே வைத்திருக்கும் சாலைகள். அவற்றில் வசூல் வேலை மட்டும் டெண்டரில் போகும்.

சீருடை அடிக்கடி மாறுகிறது என்றால் உங்கள் சாவடி பெரும்பாலும் இந்தக் கடைசி வகையாக இருக்கும். இந்த வசூல் ஒப்பந்தங்கள் பொதுவாக ஓராண்டுக்கு, இடைக்கால ஏற்பாடு என்றால் மூன்று மாதத்துக்கு. ஆணையத்துக்கு அதிகத் தொகை கட்டுவதாக ஒப்புக்கொண்டவருக்கே ஏலம் விழும். வசூல் அதற்கு மேல் வந்தால் லாபம், குறைந்தால் கைக்காசு. இந்த ஏஜென்சிக்கும் சாலையில் உள்ள குழிக்கும் சம்பந்தமே இல்லை. பராமரிப்பு வேறொரு ஒப்பந்தக்காரரிடம் இருக்கும். சாவடியில் நிற்கும் பையனிடம் குழிக்காகச் சண்டை போட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை.

உங்கள் சாவடி எந்த வகை என்று தெரிய, ஆணையத்தின் சுங்கத் தகவல் இணையதளத்தில் சாவடிப் பெயரைத் தேடுங்கள். நிறுவனத்தின் பெயர், திட்டச் செலவு, இதுவரை வசூலான தொகை, ஒப்பந்தக் காலம் எல்லாம் அங்கே இருக்கும்.

ஆயிரக்கணக்கான கோடி வசூலாகும் சாலையை அதில் மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று ஒவ்வொரு முறையும் குற்றச்சாட்டு வருகிறது. இது கொள்ளை இல்லையா?
- வாசகர், சேலம்

கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பேசுவோம். ஒரு சாலையில் செலவு போக ஆண்டுக்கு 100 கோடி மிஞ்சுகிறது. அது ஆண்டுக்கு 5 சதவீதம் வளர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 ஆண்டுகளில் மொத்தம் சுமார் 3,300 கோடி. ஆனால் முதலீட்டாளர் தன் பணத்துக்கு 11 சதவீத வருமானம் எதிர்பார்த்தால், அந்த 3,300 கோடிக்கு இன்றைய மதிப்பு சுமார் 1,118 கோடிதான். இருபதாம் ஆண்டில் வரும் ரூபாயும் இன்றைய ரூபாயும் ஒன்றல்ல. எனவே இரண்டு மொத்தங்களை அருகருகே வைத்துக் காட்டுவதால் மட்டும் ஊழல் நிரூபணமாகாது.

உண்மையான சண்டை வளர்ச்சி விகிதத்தில் இருக்கிறது. அதே சாலைக்கு வளர்ச்சி 3 சதவீதம் என்று எழுதினால் மதிப்பு 970 கோடிக்கு இறங்கிவிடும். இரண்டே புள்ளியில் ஏறத்தாழ 150 கோடி வித்தியாசம். அதனால் கேட்க வேண்டிய கேள்வி, 'என்ன விலைக்குக் கொடுத்தீர்கள்' என்பதைவிட, 'எந்தப் போக்குவரத்துக் கணிப்பை வைத்து அடிப்படை விலை போட்டீர்கள்' என்பதே. அந்தக் கணிப்பு டெண்டருக்கு முன்பே பொதுவெளியில் வைக்கப்பட வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

கணிப்புகள் எப்படி விலகும் என்பதற்கு முதல் மூன்று டி.ஓ.டி. தொகுப்புகளே சாட்சி. 2018இல் ஆந்திரத்திலும் குஜராத்திலும் உள்ள 681 கி.மீ. நீளச் சாலைகளுக்கு ஆணையம் எதிர்பார்த்தது 6,258 கோடி. மக்குவாரி நிறுவனம் கொடுத்தது 9,681 கோடி. இரண்டாவது தொகுப்புக்கு எதிர்பார்த்தது 5,362 கோடி. ஏலத்தில் அதிகபட்சமாகக் கேட்கப்பட்ட தொகையே 4,612 கோடி. ஆணையம் கொடுக்க மறுத்துவிட்டது. தமிழ்நாட்டுச் சாலைகளும் அடங்கிய மூன்றாவது தொகுப்பு 5,011 கோடிக்குப் போனது. எதிர்பார்ப்பைவிடச் சற்றே அதிகம். ஒரே ஆணையம்தான், ஆனால் ஒரு முறை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைத்து மதிப்பிட்டது, அடுத்த முறை சந்தை தரத் தயாராக இருந்ததைவிட உயர்த்தி மதிப்பிட்டது. 2023இல் 158 கி.மீ. ஐதராபாத் வெளிவட்டச் சாலை 30 ஆண்டுகளுக்கு 7,380 கோடிக்குப் போனபோது எழுந்த சர்ச்சையும் விலை போதுமா என்பதைச் சுற்றித்தான்.

கட்டணம் உயர்த்துவது தனியார் நிறுவனமா? சில சாவடிகளில் ஏப்ரலிலும் சிலவற்றில் செப்டம்பரிலும் ஏறுகிறதே?
- வாசகி, செங்கல்பட்டு

நிறுவனத்துக்கு ஒரு ரூபாய்கூட ஏற்ற உரிமையில்லை. 2008ஆம் ஆண்டுக் கட்டண விதிகளில் சூத்திரம் இருக்கிறது. 2007-08இல் கார், ஜீப், வேனுக்குக் கிலோமீட்டருக்கு 65 காசு. இலகுரக வணிக வாகனத்துக்கு 1.05 ரூபாய், பஸ், லாரிக்கு 2.20 ரூபாய். இந்த அடிப்படை ஆண்டுக்கு 3 சதவீதம் ஏறும். கூட்டுவட்டி போல அல்ல, தனிவட்டி போல. ஆக 2025-26இல் 54 சதவீதம் ஏறி, காருக்கு ஒரு ரூபாய் ஆகிறது. அதன்மேல் மொத்த விலைக் குறியீட்டெண் உயர்வில் 40 சதவீதம் சேரும். கடைசியில் அருகிலுள்ள ஐந்து ரூபாய்க்கு முழுமையாக்குவார்கள். 60 கி.மீ. நீளத்துக்கு 39 ரூபாயில் தொடங்கியது, குறியீட்டெண்ணைச் சேர்க்கும் முன்பே 60 ரூபாய் ஆகிவிட்டது.

2008க்கு முன் கையெழுத்தான ஒப்பந்தங்கள் 1997ஆம் ஆண்டு விதிகளின்படி நடக்கின்றன. அவற்றுக்கு மாற்றம் செப்டம்பர் 1 முதல். உங்கள் கேள்வியின் இரண்டாம் பகுதிக்கு விடை அதுதான்.

இருவழிச் சாலைக்கு நான்குவழிக் கட்டணத்தில் 60 சதவீதமே வாங்கலாம். 24 மணி நேரத்துக்குள் திரும்பினால் போக வர ஒன்றரை மடங்கு.

கட்டணமும் கட்டுகிறோம், குழியிலும் விழுகிறோம். நிறுவனத்துக்கு எந்தக் கட்டுப்பாடும் கிடையாதா?
- வாசகர், மதுரை

தாளில் நிறையவே உண்டு. பி.ஓ.டி. ஒப்பந்த மாதிரியில் பராமரிப்புக்கென்று தனி அட்டவணை இருக்கிறது. சாலையில் விழுந்த இடிபாட்டை 6 மணி நேரத்தில் அகற்ற வேண்டும். குழியை ஒப்பந்தத்தைப் பொறுத்து 24 அல்லது 48 மணி நேரத்தில் அடைக்க வேண்டும். தார் மேலே கசிந்து வழுக்கும் இடத்துக்கு 7 நாள். தார்ப்பரப்பின் ஓரம் 10 செ.மீ.க்கு மேல் உடைந்திருந்தால் 15 நாள். ஒரு கி.மீ. நீளத்தில் 5 சதவீதப் பரப்புக்கு மேல் விரிசல் விட்டாலோ, 3 மீட்டர் நேர்க்கோலை வைத்துப் பார்க்கும்போது சக்கரத் தடம் 10 மி.மீ.க்கு மேல் 2 சதவீதப் பரப்பில் பதிந்திருந்தாலோ 30 நாள். மேடுபள்ள அளவு வரம்பைத் தாண்டினால் 180 நாளுக்குள் புதுப் படலம் போட்டாக வேண்டும்.

தவறினால்? ஒவ்வொரு நாளுக்கும் சராசரித் தினசரி வசூலில் 0.5 சதவீதம், அல்லது அந்தப் பழுதைச் சரிசெய்யும் செலவில் 0.1 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அது அபராதம். நாளுக்கு 30 லட்சம் வசூலாகும் சாவடியில் அது 15,000 ரூபாய். ஒரு கி.மீ.க்குப் புதுப் படலம் போடும் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தள்ளிப்போடுவது சில நேரம் நிறுவனத்துக்கு மலிவாகவே முடியும். ஆணையம் தானே பழுதுபார்த்து, செலவோடு 20 சதவீதம் சேர்த்து வாங்கும் அதிகாரமும் இருக்கிறது. அதுதான் கடுமையான ஆயுதம். அதை எடுப்பதில் அதிகாரிகள் தயங்கக் கூடாது.

இன்னொரு ஓட்டை எஸ்க்ரோ கணக்கில் இருக்கிறது. சாவடிப் பணம் நேராக நிறுவனத்தின் பைக்குள் போவதில்லை. ஒரு பொறுப்புக் கணக்கில் விழுந்து, வரிசைப்படி வெளியே போகும்: முதலில் வரி, பிறகு கட்டுமானப் பாக்கி, நடத்துதல்-பராமரிப்புச் செலவு, அரசுக்கான உரிமக் கட்டணம், வங்கித் தவணை. அபராதம் வங்கித் தவணைக்கும் பின்னால் நிற்கிறது. வருமானம் மெலிந்த சாலையில் அபராதம் எழுதப்படும், ஆனால் வசூலாகாது. கடன் கொடுத்த வங்கிக்குப் பாதுகாப்பு தேவை என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் உயிர் சம்பந்தப்பட்ட பழுதுகளுக்கான அபராதத்தையாவது தவணைக்கு முன்னால் கொண்டுவர வேண்டும்.

நீதிமன்றம் தலையிட்டதற்குக் கேரளத்தின் பாலியேக்கரை முக்கியமான வழக்கு. திருச்சூர் மாவட்டத்தில், எடப்பள்ளி-மண்ணுத்தி இடையிலான 65 கி.மீ. சாலையில் உள்ள சாவடி அது. கீழ்ப்பாலப் பணிகளால் போக்குவரத்து மணிக்கணக்கில் முடங்க, 2025 ஆகஸ்டில் கேரள உயர் நீதிமன்றம் வசூலை நிறுத்திவைத்தது. ஆணையம் உச்ச நீதிமன்றம் போயும் பயனில்லை. சாலையைக் கடக்க 12 மணி நேரம் ஆனால் 150 ரூபாய் ஏன் கட்ட வேண்டும் என்று நீதிபதிகள் கேட்டார்கள். அக்டோபரில்தான் மீண்டும் வசூல் தொடங்கியது. இதில் கவனிக்க வேண்டியது, அந்தக் கீழ்ப்பாலப் பணிகளை ஆணையம் வேறொரு ஒப்பந்தக்காரரிடம் கொடுத்திருந்தது. வசூலிப்பவர் ஒருவர், தோண்டுபவர் இன்னொருவர் என்றால் இருவரும் மற்றவரைக் கைகாட்டுவார்கள். ஓடிக்கொண்டிருக்கும் சாலையில் புது வேலை தொடங்கும் முன் மாற்றுப்பாதையும் அணுகுசாலையும் யார் பொறுப்பு என்று எழுதி வைக்காவிட்டால் இதே நிலை எங்கும் வரும்.

எங்கள் பகுதியில் ஒவ்வொரு மழைக்கும் அதே இடத்தில் குழி. அடைக்கிறார்கள், பெயர்கிறது. என்ன தவறு செய்கிறார்கள்?
- வாசகர், கடலூர்

குழிக்குள் கலவையைக் கொட்டி லாரிச் சக்கரத்தால் அமுக்கிவிட்டுப் போவதுதான் தவறு. சரியான முறை இது: குழியைச் சுற்றி உறுதியான தார் தென்படும் வரை, ஓரங்கள் செங்குத்தாக நிற்குமாறு சதுரமாக வெட்ட வேண்டும். தண்ணீரையும் தூசியையும் ஊதி எடுக்க வேண்டும். அடியிலும் நான்கு ஓரங்களிலும் எமல்ஷன் (தண்ணீரில் கலந்த தார்) பூச வேண்டும். பெரும்பாலும் விட்டுப்போவது ஓரங்கள்தான், தண்ணீர் இறங்குவதும் அங்கேதான். ஆழமான குழியைப் படலம் படலமாக நிரப்பி, ஒவ்வொன்றையும் தனித்தனியே இறுக்க வேண்டும். சூடான கலவை என்றால், விஜி-30 என்ற வகைத் தாருக்குப் பரப்பும்போது 140 டிகிரிக்குக் குறையக் கூடாது, உருட்டும்போது 90 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது. 50 கி.மீ. தள்ளியுள்ள பிளான்டிலிருந்து தார்ப்பாய் மூடாமல் வரும் சிறு லோடு அதற்குள் ஆறிவிடும். மழைக்காலத்தில் சூடாக்காமலே போடும் குளிர்கலவையைப் போடலாம். அது தற்காலிகம், மழை விட்டதும் எடுத்துவிட்டு மறுபடி செய்ய வேண்டும்.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் குழியை விட்டுவிட்டு வடிகாலைப் பாருங்கள். சென்டர் மீடியனில் செடிக்கு ஊற்றும் தண்ணீர், மண் ஏறி உயர்ந்த சாலையோரம், அடைபட்ட சிறுபாலம் ஆகியவை அடித்தளத்தை ஊறவைக்கின்றன. ஊறிய ஜல்லித் தளத்தின்மேல் எத்தனை முறை தார் போட்டாலும் நிற்காது.

டோல் இல்லாத சாலைகளிலும் இந்தப் பொறுப்பைக் காலவரையோடு ஒப்படைக்கலாம். தமிழ்நாடு நெடுஞ்சாலைத் துறை பொள்ளாச்சியில் தொடங்கிய செயல்திறன் அடிப்படையிலான ஐந்தாண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் அப்படிப்பட்டது. போட்ட தாரின் அளவுக்குப் பணம் தராமல், சாலை இருக்கும் நிலைக்குப் பணம் தருவது. அடிக்கடி ஒட்டுப்போட்டால் செலவு ஒப்பந்தக்காரருக்கு, அதனால் வடிகாலை அவரே தேடிப்போய்ப் பார்ப்பார்.

லாரி உரிமையாளர் நான். சாவடியில் ஓவர்லோடு என்று நிறுத்துகிறார்கள். வெளி எடைமேடையில் சரியாக இருந்த எடை, சாவடியில் அதிகம் காட்டுகிறது. என்ன செய்வது?
- வாசகர், நாமக்கல்

சாவடி லேனில் இருப்பது ஓடும் வண்டியை எடைபோடும் கருவி. அதன்மேல் பிரேக் போட்டாலோ, திடீரென்று வேகம் எடுத்தாலோ பாரம் ஒரு ஆக்சிலிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும், அளவு தவறும். டிரைவரிடம் ஒரே சீரான குறைந்த வேகத்தில் ஏறி இறங்கச் சொல்லுங்கள். அப்படியும் தகராறு என்றால் நிலையான எடைமேடையில் மறு எடை கேளுங்கள், சீட்டை வாங்கி வையுங்கள். மொத்த எடை சரியாக இருந்தும் பின் ஆக்சிலில் மட்டும் கூடுவது உண்டு. அது சரக்கு ஏற்றிய விதத்தின் கோளாறு.

ஆனால் நிஜமான ஓவர்லோடுக்கு நாங்கள் பரிந்து பேச மாட்டோம். சாலைக்கு ஏற்படும் சேதம் ஆக்சில் எடையின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது, அதாவது எடை இரண்டு மடங்கானால் சேதம் பதினாறு மடங்கு. நான்கு டயர் ஒற்றை ஆக்சிலுக்கு 2018இல் வரம்பை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தினார்கள். எடை 13 சதவீதம்தான் கூடியது, சேதம் சுமார் 60 சதவீதம் கூடியது. அதற்கும் மேல் ஏற்றும் ஒவ்வொரு டன்னும் எந்த நிறுவனம் பராமரித்தாலும் சாலையைத் தின்றுவிடும். மோட்டார் வாகனச் சட்டப்படி அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன்னுக்கு 2,000 ரூபாய் வேறு.

சாவடிக்குப் பக்கத்திலேயே வீடு. தினமும் முழுக் கட்டணம் கட்ட முடியுமா?
- வாசகி, திருமங்கலம்

கட்ட வேண்டியதில்லை. சாவடியிலிருந்து 20 கி.மீ.க்குள் வசிப்பவரின் சொந்த உபயோக வாகனத்துக்கு மாதப் பாஸ் உண்டு. 2025-26இல் 350 ரூபாய். ஆர்.சி. புத்தகத்தின் நகலும் முகவரிச் சான்றும் எடுத்துப் போங்கள். அணுகுசாலையோ மாற்றுப்பாதையோ இருந்தால் இந்தச் சலுகை கிடையாது என்று விதியில் ஒரு நிபந்தனை இருக்கிறது, அதைக் காட்டி மறுப்பார்கள். அந்த அணுகுசாலை உண்மையில் ஓட்டத் தகுந்ததா என்று போட்டோவோடு எழுதிக் கேளுங்கள். அதே மாவட்டத்தில் பதிவான வணிக வாகனத்துக்கு, நேஷனல் பர்மிட் இல்லாவிட்டால், பாதிக் கட்டணம்.

நகராட்சி எல்லையிலிருந்து 10 கி.மீ.க்குள் சாவடி கூடாது, காரணத்தைப் பதிவு செய்தால் 5 கி.மீ. வரை வரலாம் என்பது விதி. உங்கள் ஊர்ப் போராட்டங்களில் இந்த விதியைச் சொல்லும்போது பதிவு செய்யப்பட்ட காரணத்தின் நகலையும் கேட்டு வாங்குங்கள்.

ஃபாஸ்டேக் வந்த பிறகும் சாவடியில் முறைகேடு நடக்க முடியுமா?
- வாசகர், கோயம்புத்தூர்

நடந்திருக்கிறது. 2025 ஜனவரியில் உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூர் மாவட்டத்தில், அத்ரைலா சிவ்குலாம் சாவடியில் போலீஸ் பிடித்தது இப்படித்தான். ஃபாஸ்டேக் இல்லாத வண்டியிடம் இரட்டைக் கட்டணத்தை ரொக்கமாக வாங்கி, இணையாக ஓடிய கள்ள மென்பொருளில் ரசீது அடித்துக் கொடுத்தார்கள். ஆணையத்தின் கணக்குக்கு அந்தப் பணம் போகவில்லை. மார்ச்சில் 14 வசூல் ஏஜென்சிகளை ஆணையம் இரண்டு ஆண்டுகளுக்கு விலக்கி வைத்தது.

ஓட்டை ரொக்கத்தில் இருக்கிறது. 2025 நவம்பர் 15 முதல் டேக் வேலை செய்யாதவர் யுபிஐ வழியாகக் கட்டினால் ஒன்றேகால் மடங்குதான், ரொக்கம் என்றால் இரண்டு மடங்கு என்று விதி வந்தது. யுபிஐயிலேயே கட்டுங்கள், உங்களுக்கும் மிச்சம், தடயமும் இருக்கும். டேக்கில் பணம் இருந்தும் சாவடியின் கருவி படிக்கவில்லை என்றால் கட்டணமே இல்லை. பூஜ்ய ரசீது கேட்டு வாங்கலாம். 2018இலிருந்து விதி இருக்கிறது. வீட்டில் நிற்கும் வண்டிக்குப் பணம் பிடித்தாலோ, கார் டேக்கில் லாரிக் கட்டணம் எடுத்தாலோ, சாவடியோடு மல்லுக்கட்டாமல் டேக் கொடுத்த வங்கியிடம் எஸ்எம்எஸ்ஸோடு புகார் எழுதுங்கள். பணத்தைத் திரும்பக் கேட்டு வாங்குவது அந்த வங்கியின் வேலை.

அரசுப் பஸ்ஸும் டோல் கட்ட வேண்டுமா?
- வாசகர், நாகர்கோவில்

கட்ட வேண்டும். விலக்குப் பட்டியலில் அரசுப் பஸ் இல்லை. கப்பலூர், எட்டூர்வட்டம், சாலைப்புதூர், நாங்குநேரி சாவடிகளை நடத்தும் நிறுவனங்கள் போக்குவரத்துக் கழகங்கள் 276 கோடி பாக்கி என்று வழக்குப் போட்டு, 2025 ஜூலையில் பஸ்களை அனுமதிக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்குப் போனது. உத்தரவு உடனே நிறுத்திவைக்கப்பட்டதால் பயணிகள் தப்பினார்கள். பஸ்ஸுக்குப் பஸ் பணமுள்ள டேக் ஒட்டியிருந்தால் இந்தப் பாக்கி சேர்ந்தே இருக்காது.

புகார் கொடுத்தால் பதில் வருவதில்லை. எப்படிக் கொடுத்தால் வேலை நடக்கும்?
- வாசகி, திண்டுக்கல்

முதலில் ஆணையத்தின் உதவி எண்ணான 1033க்குப் பேசி, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இடத்தைச் சொல்லும்போது 'அந்தப் பெட்ரோல் பங்க் பக்கம்' என்று சொல்லாமல், சாலையோரக் கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணையும் எந்தத் திசைப் பாதை என்பதையும் சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் எல்லாமே அந்த எண்ணில்தான் பதிவாகும். தேதியும் நேரமும் தெரியும் போட்டோ ஒன்று, கெடு தாண்டிய பிறகு அதே இடத்தில் இன்னொன்று. இந்த இரண்டையும் இணைத்து ஆணையத்தின் திட்ட இயக்குநருக்கு எழுதுங்கள். பி.ஓ.டி. சாலை என்றால், ஒப்பந்தப்படி வேலை நடக்கிறதா என்று கண்காணிக்கும் சுயாதீனப் பொறியாளருக்கும் நகல் அனுப்புங்கள். பழுதைப் பதிவு செய்ய வேண்டியவர் அவர்தான்.

பதில் வராவிட்டால் 10 ரூபாய் கட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மூன்று விஷயங்களை மட்டும் கேளுங்கள்: குறிப்பிட்ட கிலோமீட்டருக்கான சுயாதீனப் பொறியாளரின் மாத ஆய்வறிக்கை, அதன்மேல் நிறுவனத்துக்குப் போன நோட்டீஸ், கடந்த 12 மாதங்களில் விதித்த அபராதமும் அதில் உண்மையில் வசூலான தொகையும். விதித்தது, வசூலானது இரண்டையும் தனித்தனியாகக் கேட்பது முக்கியம். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம்.